ஒரு ஜோடி, அளவு பத்து

சாமான் பட்டியலில் பதினேழாவது வரி:
பூட்ஸ், அணிவகுப்புக்கானது, கறுப்பு, ஒரு ஜோடி.
சார்ஜென்ட் ப்ரோஸர் பென்சிலால் அதைத் தட்டினார்.
"செவ்வாய்க்கிழமை அவன் அம்மா வருகிறாள்.
முகம் தெரிய வேண்டும்."

ஹெவின் பெப் போரில் சாகவில்லை.
விடுமுறை ஞாயிறு, பில்த் வெல்ஸ் தாண்டி ஒரு வளைவு,
ஈரச் சாலை, இரவல் மோட்டார் சைக்கிள்.
பத்திரிகையில் நாலு வரி.
அதிலும் வயது தப்பு.

பிரெக்கனில் அன்றும் மழைதான்.
கட்டிலில் பழைய செய்தித்தாளை விரித்தேன்.
மெழுகு டப்பா. அதன் மூடியில் குளிர்ந்த தண்ணீர்.
விரலில் இறுகச் சுற்றிய மஞ்சள் துணி;
ஒரு மடிப்பு இருந்தாலும் கோடு விழுந்துவிடும்.

நான் தண்ணீர்க் கட்சி. அவன் எச்சில் கட்சி.
"தண்ணீருக்கு என்ன தெரியும்?" என்பான்.
துப்புவான். காசளவு வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம்.
வாயைக் குவித்து ஹா என்று ஊதுவான்.
மறுபடி துப்புவான்.
கருமம், என்று திரும்பிப் படுப்பேன்.

பூட்ஸ் வந்த முதல் வாரம்
மெஸ்ஸில் திருடிய கரண்டியைச் சுடவைத்து
தோலின் கரடுகளை ஒவ்வொன்றாக அமுக்கினோம்.
அறை முழுக்கப் பொசுங்கிய மாட்டு வாசனை.
எட்டு மாதம் அடுத்தடுத்த கட்டில்.
என் பூட்ஸில் குழல்விளக்கு தெரியும்.
அவனுடையதில்
குழல்விளக்கில் ஒட்டிச் செத்த ஈயும் தெரியும்.
அணிவகுப்புக்குப் போகும் வழியெல்லாம்
விரலை மடக்காமல் வாத்து மாதிரி நடப்பான்,
மெழுகு விரிசல் விட்டுவிடுமாம்.

வலது பூட்ஸ் இப்போது என் முழங்காலில்.
பாதம் இல்லாமலும் கனக்கிறது.
ஒரு வாரத் தூசி. முகப்பில் கொஞ்சம் மங்கல்.
துணியை மெழுகில் தொட்டுக் குனிந்தபோதுதான் உறைத்தது:

நான் தேய்க்கப்போவது தோலை இல்லை.
தோலுக்கு மேல் மெழுகு, மெழுகுக்கு மேல் அவன் எச்சில்,
அதற்கு மேல் மூச்சு, மூச்சுக்கு மேல் மெழுகு.
துப்பாக்கித் தேர்வில் தோற்ற ராத்திரி ஒரு படலம்.
நியா போனை எடுக்காத ராத்திரி இரண்டு.
நானும் அவனும் பேசாமலிருந்த வாரம்,
எதற்கென்று இப்போது நினைவில்லை,
ஏழு.

உடம்பை அபெரிஸ்ட்வித்தில் எரித்தாயிற்று.
எச்சம் என்று ஏதாவது இருந்தால்
இந்த எச்சில்தான்.

மேலே பூசினால் என் கை வந்துவிடும்.
சுரண்டிப் புதிதாகத் தொடங்கினால் அவன் போய்விடுவான்.
தாழ்வாரத்தில் யாரோ பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.
மணி பதினொன்று.

அப்புறம் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை.
துணியை மடித்து வைத்தேன்.
மூடித் தண்ணீரை ஜன்னல் வழியே மழையில் கொட்டினேன்.
குனிந்து, வாயைக் குவித்து,
ஹா.
உலர்ந்த பஞ்சால் ஒரு சுற்று.
இடதுக்கும் அதேபோல.

செவ்வாய்க்கிழமை
மீன் வறுவல் கடையிலிருந்து நேராக வந்திருந்தாள் மிசஸ் பெப்.
கோட்டில் எண்ணெய் வாசனை.
உறை, பெல்ட், ரேஸர், ஒற்றைக் கையுறை,
எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தவள்
பதினேழாவது வரியில் நின்றாள்.

"இது அவனுடையது இல்லை.
பள்ளிக்கூட ஷூவை ஒருநாள் துடைத்ததில்லை அந்தக் கழுதை.
மாறிப்போயிருக்கும், பாருங்கள்."

பூட்ஸின் நாக்கை விலக்கிக் காட்டினேன்.
உள்ளே அவன் எண், அவன் கிறுக்கல்.

வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு, இந்த முகாமில் எவனும் எவனையும் செய்ய விடாத ஒன்று:
கட்டைவிரலை நேராக அந்தக் கண்ணாடியில் வைத்து
அழுத்தினாள்.

எண்ணெய் விரல். முழு ரேகை.

சார்ஜென்ட் ப்ரோஸர் என்னைப் பார்த்தார்.
என் கை தானாகப் பைக்குள் போய்
துணியைத் தொட்டது.
அங்கேயே இருந்தது.